அடுப்புக்கு மட்டும் ஒரு வேண்டுதல்

எழுபது வயதைத் தாண்டிய பிறகுதான் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது நன்றாகவே வைக்கிறேன். பருப்புத் தண்ணீர் கூடினால் ரசம் சாம்பார் போலாகிவிடும். குறைந்தால் வெறும் புளித்தண்ணீராக நிற்கும். நுரை கட்டி மேலே எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்த ரசம் வீண். இதைச் சொல்ல எனக்கு இன்று தகுதி இருக்கிறது. போன ஆண்டு மழைக்காலம் வரை இல்லை.

அந்த மழைக்காலத்தில் திருத்தணியில் எங்கள் தெரு முழுக்கக் காய்ச்சல். என் மனைவிக்கும் வந்தது. டெங்கு என்றார்கள். ஒரு வாரம் போல மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். காய்ச்சல் போய்விட்டது, பசி திரும்பி வரவில்லை. காலையில் ஒரு இட்லியைக் கிள்ளிக் கிள்ளி வைத்திருப்பாள். மதியம் மோர். இரவில் தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நாக்குல மண்ணு அப்பின மாதிரி கீதுங்க. நீங்க சாப்டுங்க" என்பாள்.

வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. மறுபடி காட்டப் போனபோது மருத்துவர் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எதைக் கேக்கறாங்களோ அதைக் குடுங்க சார். இது வேணாம், அது வேணாம்னு பத்தியம் எல்லாம் பார்க்காதீங்க. இப்படியே எடை குறைஞ்சுகிட்டே போனா மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஊத்தணும்."

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆட்டோவில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வயதில், எங்கள் பக்கத்தில், ஆட்டோவில் மனைவி கையைப் பிடிப்பது சாதாரணமாக நடக்கிற காரியம் அல்ல.

"அந்தக் கொழாய் மட்டும் வாணாங்க. எங்கம்மாவுக்குப் போட்டாங்க. கூடவே குந்திகினு இருந்தேன் நானு."

"போட மாட்டாங்க. நீ சாப்பிட்டா ஏன் போடறாங்க?" என்றேன்.

அப்படித்தான் நான் சமையலறைக்குள் நுழைந்தேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, படித்து, அரக்கோணத்தில் ரயில்வே அலுவலகத்தில் சேர்ந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்தவரை தினமும் ரயிலில் போய் ரயிலில் வந்தேன். வந்ததும் தட்டு போட்டிருக்கும். அதில் இருப்பது எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில்லை.

ஒரே மகள் சென்னையில் இருக்கிறாள். சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனில் சமையல் வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் கடைசியில் "தேவையான அளவு உப்பு" என்கிறார்கள். அந்த அளவைத்தானே நான் கேட்கிறேன்? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

என்றாலும் படித்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டைப் பற்றி எனக்கு இன்று சில உறுதியான கருத்துகள் உண்டு. இரவுக்கு இரண்டு பதார்த்தம் போதும். மூன்றாவது, செய்கிறவர் பெருமைக்கு. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, பூண்டும் சீரகமும் தாளித்துக் கொட்டி, சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்தால் உடம்பு நோகிற நாளுக்கு அதைவிட வேறு வேண்டாம். தொட்டுக்கொள்ள அப்பளத்தைச் சுட வேண்டும், பொரிக்கக்கூடாது. அரிசி நொய்க் கஞ்சிக்குத் தேங்காய்த் துவையலைவிட வேர்க்கடலைத் துவையல் பொருத்தம். புளிச்சக்கீரையைக் கடைந்தால் பச்சை மிளகாய். பருப்போடு சேர்த்தால் காய்ந்த மிளகாய். மாற்றிப் போட்டால் ஏதோ குறையும், எதுவென்று தெரியாது. கத்திரிக்காய் கொத்சு இட்லிக்கு. அதைச் சோற்றில் ஊற்றுகிறவர்களோடு நான் விவாதம் செய்யத் தயார்.

இவை எல்லாவற்றையும் செய்தேன். ஒவ்வொரு மாலையும் புதிதாக ஒன்று. அவள் இரண்டு வாய் தின்பாள். "நல்லா கீதுங்க" என்பாள். தட்டை நகர்த்திவிடுவாள். மிச்சத்தை நான் தின்றேன். அவள் இளைத்துக்கொண்டு போக, எனக்கு வயிறு போட்டது.

"இன்னா வேணும்னு சொல்லேன்" என்று கெஞ்சினேன்.

"எதுனா செய்ங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவளுடைய தம்பி வந்தான். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரிக்கு அருகே அவர்களுக்கு நிலம். வீட்டில் பேச்சு தெலுங்கு, எங்களிடம் தமிழ். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்பருகே நிற்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அடேங்கப்பா! பாவா கையில கரண்டி! அக்கா, இத போட்டோ புடிச்சி நடு ஊட்ல மாட்டணும்."

"உள்ள வாடா. வந்ததும் வராததுமா" என்றாள் அவள், கட்டிலில் இருந்தபடியே.

"இன்னாக்கா, பாவா சமையல் எப்டி?"

"சமையல் நல்லாதான் கீது. என் நாக்குதான் செத்துப் போச்சி."

"அவர் சமையல தின்னுட்டா, இல்ல தின்றதுக்கு முன்னாடியேவா?"

அவள் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அவன் கொண்டுவந்த கத்திரிக்காயை முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் பின்வீட்டிலிருந்து சன்னல் வழியாக ஒரு வாசனை வந்தது. நெத்திலிக் கருவாட்டை எண்ணெயில் வறுக்கிற வாசனை. வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாத வாசனை.

அவள் தலையணையிலிருந்து கொஞ்சம் எழுந்தாள். மூக்கு விடைத்தது. மூச்சை இழுத்தாள், இன்னொரு முறை நிதானமாக இழுத்தாள். "தீய உட்டுட்டாங்க. அனல கொறைக்கணும்" என்றாள், யாருக்கோ சொல்வது போல. பிறகு சட்டென்று, நாங்கள் இருப்பது நினைவு வந்ததும், இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, மலை இருக்கும் திசையைப் பார்த்து "முருகா" என்றாள்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் ரசத்தைப் பார்த்தேன்.

அவளைக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வைத்த ஒரு வேண்டுதலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது டைபாய்டு வந்து விடாமல் காய்ந்தது. மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மலையேறினேன். சன்னிதியில் நின்று, பிள்ளை பிழைத்தால் இனி எங்கள் வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறாது என்று வேண்டிக்கொண்டேன். மீன், கருவாடு, கறி, முட்டை, எதுவும். இறங்கி வந்து அவளிடம் சொன்னேன். "சரிங்க" என்றாள். மீன் குழம்புக்கென்று அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மண்சட்டியை அன்றே வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

கேட்டுவிட்டு வேண்டிக்கொள்கிற வழக்கம் எங்கள் பக்கத்து ஆண்களுக்குக் கிடையாது. பிள்ளையின் முடியைத் தருகிறேன் என்போம். மனைவியின் தாலியை உண்டியலில் போடுகிறேன் என்போம். பசு ஈனும் முதல் கன்றை என்போம். அடுத்தவர் உடைமையை எடுத்து நீட்டிவிட்டு, கொடுத்தவன் என்று பெயர் வாங்கிக்கொள்வோம். நானும் அதைத்தான் செய்தேன். அவள் கருவாட்டுக் குழம்பிலும் கேழ்வரகுக் களியிலும் வளர்ந்தவள். பெண் பார்க்கப் போனபோது அவள் அம்மா எங்களுக்குப் போட்டதே அதுதான். அந்த வாயை எடுத்து நான் சாமிக்குக் கொடுத்தேன்.

பிள்ளை பிழைத்தாள். அதுவரை சரி.

அடுத்த மாதமே அரக்கோணத்தில் ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த ஒரு மெஸ்ஸில் அலுவலக நண்பர்களோடு உட்கார்ந்தேன். மீன் குழம்பு வந்தது. வேண்டிக்கொண்டது வீட்டு அடுப்புக்குத்தானே, இது அரக்கோணம்தானே என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சட்டம் படித்தவன்கூட அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டான். அதன் பிறகு நிறுத்தவே இல்லை. சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டு, வாயைக் கொப்பளித்து, ரயிலேறுவேன். தீர்ப்பில் அவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தால் வெற்றிலை எதற்கு? ஓய்வு பெற்ற பிறகும் பழைய நண்பர்களைப் பார்க்கிறேன் என்று போய்வந்தேன். அவள் மருத்துவமனையில் இருந்த வாரத்தில், மருந்து வாங்கப் போகிறேன் என்று போனவன், வறுத்த சங்கரா மீனோடு ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் மருந்து வாங்கினேன். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது இதுதான்.

அவளோ அந்த வேண்டுதலை அடுப்போடு நிறுத்தவில்லை. தன் வாய்க்கே என்று எடுத்துக்கொண்டாள். அம்மா வீட்டுக்குப் போனாலும் தொடமாட்டாள். கல்யாண வீட்டில் பிரியாணி போட்டால் தயிர் சோற்றுக்குக் காத்திருப்பாள். கேட்டால், "புள்ள உயிருக்கு வேண்டிக்கினது" என்பாள். ஆனால் மகளைத் தடுத்ததில்லை. விடுதியில் தங்கிப் படிக்கப் போன மகள் முட்டை தின்கிறாள் என்று தெரிந்தபோது, "புள்ளைக்கோசரம்தானே நாம வேண்டிக்கினோம். புள்ள சாப்டலாம். நாம ரெண்டு பேரும் இருந்தா போதும்" என்றாள். நாம் ரெண்டு பேரும். நான் தலையாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் போன பிறகு கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"கருவாட்டுக் கொழம்பு வைக்கட்டுமா?"

"இன்னா பேச்சு பேசறீங்க" என்று பதறினாள். "வேண்டுதல் கீது."

"வேண்டிக்கினது வீட்டு அடுப்புக்குத்தான். தோட்டத்துல மூணு கல்லு வெச்சி, வெளிய செஞ்சா அதுல சேராது."

"அடுப்புக்குத்தான்னு இத்தினி வருசம் கழிச்சி இப்ப கண்டுபுடிச்சீங்களா?"

மருத்துவர் சொன்னது நினைவில் இருந்தது. அந்தக் குழாய் நினைவில் இருந்தது. உண்மையைச் சொன்னால்தான் அவள் சாப்பிடுவாள் என்று நினைத்தேன்; நானும் கெட்டுப்போகவில்லை, பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவள் பார்ப்பாள் அல்லவா? அதனால் சொன்னேன்.

"இப்ப கண்டுபுடிக்கல. நான் அரக்கோணத்துல சாப்ட்டுகினுதான் இருந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் தெரியவில்லை. புரியாத மொழியில் யாரோ பேசுவது போலப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"வேண்டிக்கின மறு மாசத்துலேர்ந்து."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"இன்னா மீனு?"

"மாறும். வஞ்சிரம், சங்கரா. சில நாள்ல கருவாட்டுக் கொழம்பு."

"கத்திரிக்கா போடுவாங்களா?"

"போடுவாங்க."

"மாங்கா?"

"மாங்கா காலத்துல."

"மாங்கா போட்டா புளிய கொறைக்கணும். கொறைப்பாங்களா?"

"இல்ல. புளிப்பு ஜாஸ்தியாதான் இருக்கும்."

"தெரியாத ஆளுங்க" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று இரவு எதுவும் சாப்பிடவில்லை. மறுநாள் மோரையும் தொடவில்லை. நான் பருப்புச் சோறு பிசைந்து கொண்டுபோனேன். தட்டை அவளருகே வைத்தேன், எடுத்துக்கொண்டு திரும்பினேன். சாப்பிட வைக்க வேண்டும் என்று பேசிய பேச்சு, இருந்த இரண்டு வாயையும் பறித்துவிட்டது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. மகளுக்குப் போன் செய்தேன். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மின்சார ரயிலில் வந்து சேர்ந்தாள்.

வந்ததும் அம்மாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். மனைவி அவளிடம் சொன்ன முதல் வார்த்தை: "உங்க நைனா அரக்கோணத்துல மீன் கொழம்பு சாப்ட்டுகினு இருந்தாராம்."

மகள் சிரித்துவிட்டாள். "இவரா? விபூதியும் அதுவுமா?" அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

சமையலறைக்கு வந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நைனா, நீங்க சாப்ட்டது எனக்கு ஒரு விஷயமே இல்ல. என் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்ள வீட்ல கறி விருந்து போட்டாங்க, ஞாபகம் இருக்குதா? அம்மா ஒரு மூலையில குந்திகினு ஊறுகாய் தொட்டுகினு தயிர் சோறு சாப்ட்டுச்சி. நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. 'என் பொண்டாட்டி ரொம்ப நேமம்'னு சம்பந்திகிட்ட பெருமை பேசினீங்க."

"ஆங்" என்றேன். பேசியது நினைவிருந்தது.

"அப்பகூட சொல்லணும்னு தோணலயா?"

"தோணுச்சி. சொன்னா நானும் நிறுத்தணும் இல்ல."

இதைவிட நேர்மையான பதில் என்னிடம் இல்லை. அவள் என் கையிலிருந்து கத்தியை வாங்கி மிச்ச வெங்காயத்தை நறுக்கினாள். "ரொம்பப் பெருசா நறுக்கறீங்க" என்றாள்.

அம்மாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை மகள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு மனைவி கூப்பிட்டாள். "தம்பிக்குப் போன் போடுங்க. கேவுரு மாவு அரைச்சி எடுத்தாரச் சொல்லுங்க. கடை மாவு வாணாம். நீங்க போய் நெத்திலிக் கருவாடு வாங்கியாங்க. மண்ணு இல்லாததா."

அரக்கோணத்தில் அவ்வளவு தின்றவன், கருவாடு வாங்கியதே இல்லை. கடைத்தெருவில் ஒரு கருவாட்டுக்கார அம்மா முன்னால் போய் நின்றேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள்.

"சாமி, பூக்கடை அந்தாண்ட."

"கருவாடுதாம்மா வேணும். நெத்திலி."

"ஊட்ல வளக்கற பூனைக்கா?"

"பொண்டாட்டிக்கு. ஒடம்பு முடியல, வாய்க்கு வேணும்னு கேக்கறா."

உடனே அவள் தொனி மாறிவிட்டது. முன்னால் கொட்டியிருந்ததை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருந்த பையிலிருந்து எடுத்தாள். "இத எடுத்துனு போங்க. வெள்ளையா கீது பாருங்க. சுடுதண்ணில ஊற வெச்சி நாலஞ்சி தபா அலசுங்க. அந்தம்மா நல்லா சாப்புடும்."

தோட்டத்தில் மைத்துனன் செங்கல் வைத்து அடுப்பு கூட்டினான். மாலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மனைவியை நாற்காலியில் உட்கார்த்தி, சால்வை போர்த்தி வெளியே கொண்டுவந்தோம். வீட்டு அடுப்பில் செய்யக்கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். "அடுப்புக்குன்னு நீங்களே சொல்ட்டீங்க. அது அப்டியே இருக்கட்டும்."

அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கருவாட்டின் தலையைக் கிள்ளி, ஊறவைத்து, அலசினேன். மைத்துனன் கொண்டுவந்த மண்சட்டியில் கடலை எண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், உரித்த பூண்டு. நீளமாக வெட்டிய கத்திரிக்காய். மிளகாய்த் தூள் கமறியதும் புளிக்கரைசல். வீடியோவில் பழகிய கை, புளி ஊற்றியதும் தானாகவே உப்பையும் அள்ளிப் போட்டுவிட்டது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. குழம்பு சுண்டி, எண்ணெய் பிரிந்து வந்த பிறகுதான் கருவாட்டைப் போடச் சொன்னாள்.

களி தனிக்கலை. நொய்யை முதலில் வேகவிட்டு, அதன் மேல் மாவை மலை மாதிரிக் குவித்து, கிளறாமல் விட வேண்டும். அவசரப்பட்டு ஆரம்பத்திலேயே கிளறினால் கட்டி தட்டும். மாவு வெந்த பிறகு பானையை இறக்கி, இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துத் துடுப்பால் கிளற வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. மைத்துனன் பானையைப் பிடித்துக்கொண்டான்.

"அழுத்துங்க பாவா. ஆபீஸ்ல கையெழுத்து போடற மாதிரி தடவறீங்க."

"நீ கிளறேன்."

"நான் கிண்டினா அக்கா சாப்டாது. இது நீங்க கிண்ட வேண்டிய களி."

குழம்பை இறக்குவதற்கு முன், எல்லாச் சமையலிலும் செய்வது போல, கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டேன்.

"வாயில வெக்காதீங்க" என்றாள் அவள்.

"உப்பு பாக்கணும்."

"நீங்க பாத்தது போதும்."

மைத்துனன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் குரலில் கேலி இல்லை.

"புள்ளைக்குன்னு சாமிகிட்ட சொன்னது சும்மா நிக்கக்கூடாதுங்க. இத்தினி வருசம் நான் ஒருத்திதான் சொமந்தேன், எனக்கே தெரியாம. இன்னிக்கி நான் சாப்டப் போறேன். அப்ப வேற யாராவது சொமக்கணும் இல்ல?"

"நான் சுமக்கறேன்" என்றேன்.

"ஊட்ல மட்டும் இல்ல."

"ஆங்."

"அரக்கோணத்துலயும்."

"ஆங்."

"கே.ஜி.கண்டிகை டீக்கடைல முட்ட போண்டா போடறான் பாவா, அதையும் சேத்துக்குங்க" என்றான் மைத்துனன்.

உள்ளங்கையில் இருந்ததை மண்ணில் உதறிவிட்டுக் கையைக் கழுவினேன். எனக்குத் தெரிந்த வாசனை, நன்றாக வந்திருக்கிறது என்று மூக்கு சொன்னது. நாக்கிடம் கேட்க வழியில்லை.

தட்டில் ஒரு சின்னக் களி உருண்டை வைத்து, நடுவில் குழி செய்து, குழம்பை ஊற்றினேன். அவள் ஒரு விள்ளல் கிள்ளி, குழம்பில் புரட்டி, ஒரு நெத்திலியையும் சேர்த்து வாயில் போட்டாள். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும். நானும் அவனும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முகத்தைச் சுளித்தாள். "உப்பு கடுக்குதுங்க. கருவாட்லயே உப்பு கீது, மேல வேற யாரு போடச் சொன்னது?"

தட்டை எடுக்கக் கையை நீட்டினேன். இவ்வளவுக்கும் பிறகு உப்பு. "கொட்டிட்டு வேற வெக்கட்டுமா?"

"கொட்டறதா!" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கொழம்பு ஜாஸ்தியா ஊத்திட்டீங்க. களி இன்னும் கொஞ்சம் வைங்க, சரியாப் பூடும்."

வைத்தேன். உப்புக்குக் களியும், களிக்குக் குழம்பும், கத்திரிக்காய்க்கு இன்னொரு விள்ளலுமாகத் தின்றுகொண்டே இருந்தாள். மூக்கு ஒழுகியது, சால்வை நுனியால் துடைத்துக்கொண்டாள். தம்பியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். அம்மா வைப்பது போல இல்லை, ஆனால் பரவாயில்லை என்று சொன்னதாக அவன் எனக்குச் சொன்னான். கடைசியில் தட்டை வழித்தாள். தண்ணீர் கேட்டாள். செம்பு நிறையக் குடித்தாள்.

அந்த வாரமே நான் மலைக்குப் போனேன். படியேறுகிற வயது போய்விட்டது. வண்டிப் பாதையில் ஆட்டோவில் போனேன். சன்னிதியில் நின்று, முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னேன். வீட்டை விட்டுவிடு, அவளை விட்டுவிடு, இனி என் வாய் மட்டும் என்றேன். என்னுடையதை நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் முறை. இத்தனை எளிதான வாக்கியத்தைச் சொல்ல இவ்வளவு வயது தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

குழாய் போடவில்லை. ஒரு முறை நாக்கு விழித்துக்கொண்டதும் மற்றதும் இறங்க ஆரம்பித்தது. பருப்புச் சோறு, கீரை, என் ரசம்கூட. வீட்டில் வயதானவர்களோ நோயாளிகளோ சாப்பிட மறுத்தால் நான் சொல்லக்கூடிய யோசனை இதுதான்: சத்தானது எது என்று தேடுவதற்கு முன், அவர்கள் எதை விட்டார்கள், யாருக்காக விட்டார்கள் என்று கேளுங்கள். சத்து பிறகு தானாக வரும்.

மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், தெரியாது. அதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் மன்னிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. அரக்கோணத்துக்குச் சில முறை போக வேண்டி வந்தது. அந்த மெஸ் வாசலைக் கடக்கும்போது நடையை வேகப்படுத்துகிறேன். ஆசை போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் இன்னொரு பொய் ஆகும்.

இப்போது தோட்டத்து அடுப்புக்கு மேலே மைத்துனன் ஒரு தகரக் கூரை போட்டுக் கொடுத்திருக்கிறான். சனிக்கிழமைகளில் மகள் பிள்ளைகளோடு வருவாள். கருவாட்டுக் குழம்பு வைப்பது நான்தான். உப்பு போடுவதில்லை, மனைவி கடைசியில் வந்து கரண்டியை வாங்கி, ருசி பார்த்து, வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை போடுவாள். பெரும்பாலும் வேண்டியிருக்காது. ருசி பார்க்காமல் குழம்பு வைக்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அதில் என் குழம்பு மோசமாக இருக்காது என்று மட்டும் தெரியும்.

போன சனிக்கிழமை மழை. எல்லாரும் தகரக் கூரைக்குக் கீழேயே நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு ரசமும் சுட்ட அப்பளமும். மகள் ஒரு நெத்திலியை எடுத்து என் தட்டருகே நீட்டினாள்.

"நைனா, ஒண்ணே ஒண்ணு. யாரும் பாக்கல."

"கம்முனு இரு" என்றாள் மனைவி, களி உருண்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் வேண்டிக்கினு கீறாரு."

சொல்லிவிட்டு, என் அப்பளத்தில் பாதியை உடைத்துத் தன் குழம்பில் தோய்த்துக்கொண்டாள்.